ஸ்விட்ச் போட்டால் பாடுவது கச்சேரியா?

வழக்கம்போல் இதுவும் நீண்ட பதிவுதான். ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

சென்ற வாரம் இங்கே இரண்டு வரி எழுதியிருந்தேன். மின்னணு இசைக் கச்சேரி ஒன்றை மேடையிலேயே பதிவு செய்து வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டேன், நன்றாக இருந்தது என்று. வந்த பதில்களில் பாதி கிண்டல். "சார், கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு வாசிக்கப் போகுது. அதை ரூம்ல பதிவு பண்ணா என்ன, மேடையில பதிவு பண்ணா என்ன?" என்று ஒருவர். "ஸ்விட்சைப் போட்டுட்டுக் கையைக் கட்டிட்டு நிக்கிறதுக்குப் பேரு கச்சேரியா?" என்று இன்னொருவர்.

கேள்வி நியாயமானதுதான். அதனால் விளக்கமாகவே பதில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தில் செய்த கருவியா, தோல் கட்டிய கருவியா, மின்சாரத்தில் ஓடும் கருவியா என்பதை வைத்து ஒன்று கச்சேரியா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. அந்த நேரத்தில், எதிரே இருக்கும் மக்களைப் பார்த்து, மேடையில் ஒரு மனிதர் ஏதாவது முடிவு எடுக்கிறாரா? எடுத்தால் அது கச்சேரி. எடுக்கவில்லை என்றால், மேடையில் 15 பேர் நின்றாலும் அது வெறும் ஒலிபரப்பு. இந்த வித்தியாசம் புரியாததால் நம் மலையில் நாம் கீபோர்டைத் திட்டுகிறோம், பென் டிரைவுக்கு மாலை போடுகிறோம்.

முதலில் நான் கேட்ட ஆல்பத்தைப் பற்றி.

ழான் மிஷேல் ஜார் பிரான்ஸ் நாட்டுக்காரர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'எ பாசேஜ் டு இந்தியா' படங்களுக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கினாரே மாரிஸ் ஜார், அவருடைய மகன். 1976-ல் தன் வீட்டிலேயே சின்தசைசர்களை வைத்துக்கொண்டு 'ஆக்சிஜன்' என்ற ஆல்பத்தைச் செய்து உலகப் புகழ் பெற்றவர். அவர் 1981 அக்டோபரில் சீனாவுக்குப் போனார். மாவோ மறைந்து 5 ஆண்டுதான் ஆகியிருந்தது. பீஜிங்கிலும் ஷாங்காயிலும் 5 கச்சேரிகள். மேலை நாட்டுப் பாப் இசைக் கலைஞர் ஒருவர் மக்கள் சீனத்தில் இப்படிக் கச்சேரி செய்தது அதுவே முதல் முறை என்று சொல்வார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து 1982-ல் இரட்டை இசைத்தட்டாக வந்ததுதான் 'தி கான்சர்ட்ஸ் இன் சைனா'.

அதுவரை சின்தசைசர் சத்தத்தையே மேடையில் கேட்டிராத மக்கள் முன்னால், வயர்களும் பொத்தான்களும் நிறைந்த பெட்டிகளோடு நாலு பேர் நிற்கிறார்கள். லேசர் ஒளிக்கற்றைகளைக் கையால் மறித்து வாசிக்கும் 'லேசர் ஹார்ப்' என்ற கருவியும் இருந்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறு. சீனர்களின் பழைய மெட்டு ஒன்றை எடுத்து, பீஜிங் இசைக் கல்லூரியின் வாத்தியக் குழுவைத் தன் மின்னணுக் கருவிகளோடு உட்கார வைத்து வாசித்திருக்கிறார். மாலை நேரத்தில் மீன்பிடிப் படகுகள் திரும்பும் காட்சியைச் சொல்லும் மெட்டு அது. அந்த ஊர்க் கருவிகளின் நரம்பு ஒலியும் இவருடைய மின்னொலியும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுத்துப் போவதைக் காதால் கேட்கலாம். இதை ரூமில் உட்கார்ந்து ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. அவர்கள் ஊருக்குப் போனதால்தான் நடந்தது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆல்பத்தில் இருப்பது எல்லாமே மேடைப் பதிவு இல்லை. கடைசியில் வரும் 'சீன நினைவுப் பரிசு' என்ற பொருள் தரும் பாடல் ஸ்டூடியோவில் செய்தது. மேடைப் பதிவு என்று அட்டையில் போட்டு வரும் பல ஆல்பங்களில் பிறகு ஸ்டூடியோவில் கை வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். அதற்காக அந்த 5 இரவுகள் பொய்யாகிவிடாது.

சரி, கருவி தானாக வாசிக்கிறதே, மனிதருக்கு அங்கே என்ன வேலை? தெரிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

சீக்வென்சர் என்று ஒரு கருவி. ஸ்வர வரிசையை முன்கூட்டியே ஏற்றி வைத்தால் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஆனால் அதை எத்தனை சுற்று ஓட விடுவது, எந்த இடத்தில் ஒலியை மூடி எந்த இடத்தில் திறப்பது, எப்போது தாளத்தை நிறுத்தி மௌனம் கொடுப்பது, இதெல்லாம் குமிழியைத் திருகும் கையில் இருக்கிறது. மேலும் அந்தக் காலத்து அனலாக் சின்தசைசர்களுக்கு ஒரு குணம் உண்டு. சூடும் குளிரும் மாறினால் சுருதி நகர்ந்துவிடும். மேடை விளக்கின் சூட்டில் ஒரு மாதிரி, அரங்கத்தின் குளிரில் ஒரு மாதிரி. நம் மலையில் மழைக்காலத்தில் மிருதங்கக்காரர் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மின்சாரக் கருவியும் சுருதி சேர்க்க வேண்டிய கருவியாகத்தான் இருந்தது.

ஆசிரியர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். சீக்வென்சர் என்பது நம்முடைய பாடக்குறிப்பு. முந்தின நாள் இரவே எழுதி வைத்துவிடுகிறோம். 5-ஆம் வகுப்புக்குப் பின்னம் நடத்த 30 வருடமும் ஏறக்குறைய அதே குறிப்புதான். ஆனால் வகுப்பில் நுழைந்து பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு, குறிப்பில் 5 நிமிடம் என்று எழுதியது 20 நிமிடம் ஆகும். கடைசி பெஞ்சுப் பையன் முழிப்பதைப் பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் காட்டுவோம். கல்வித் தொலைக்காட்சியில் வரும் பாடமும் நல்ல பாடம்தான். பிழையே இருக்காது. கொரோனா காலத்தில் அது இல்லையென்றால் நம் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் இன்னும் திண்டாடியிருப்பார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்கு எதிரே இருக்கும் பிள்ளை தூங்குகிறதா, அழுகிறதா என்று தெரியாது. பாடக்குறிப்பு வைத்துக்கொண்டு நடத்துவது வகுப்பு. ஒளிப்பதிவை ஓடவிட்டுவிட்டு ஆசிரியர் பக்கத்தில் வாயசைத்துக்கொண்டு நின்றால்? அதற்கு வகுப்பு என்று பெயர் வைக்க நீங்கள் சம்மதிப்பீர்களா?

அதே 1981-ல், நான் ஆசிரியர் பயிற்சியில் பாட்டும் விளையாட்டும் கற்றுக்கொண்டிருந்த சமயத்தில், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு உலகச் சுற்றுப்பயணம் கிளம்பியது. பம்பாய்க்கும் வந்து வாசித்தார்கள். மின்னணு இசைக்கு அடித்தளம் போட்டவர்கள் என்று பெயர் பெற்ற குழு. ரோபோ மாதிரி அசையாமல் நிற்பதையே தங்கள் பாணியாக வைத்துக்கொண்டவர்கள். 'கையைக் கட்டிட்டு நிக்கிறாங்க' என்ற கிண்டலுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பயணத்துக்காகத் தங்கள் ஸ்டூடியோவையே பெயர்த்து மேடைக்கு ஏற்றினார்கள். கால்குலேட்டரைப் பற்றிய பாட்டு வரும்போது கையடக்கக் கருவிகளோடு மேடை விளிம்புக்கு வந்து, முன் வரிசையில் நிற்பவர்களிடம் நீட்டுவார்கள். நீங்களே அழுத்துங்கள் என்று. அவர்கள் அழுத்தினால் அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

அவர்களுடைய முதல் மேடைப் பதிவு ஆல்பம் வெகு காலம் கழித்து 2005-ல்தான் வந்தது. 'மினிமம் மேக்சிமம்' என்று பெயர். 2004 உலகச் சுற்றுப்பயணத்தில் பல ஊர்களில் பதிவு செய்தது. அதே கால்குலேட்டர் பாட்டை டோக்கியோவில் ஜப்பானிய மொழியில் பாடியிருக்கிறார்கள். கூட்டம் போடும் சத்தத்தைக் கேளுங்கள். அந்தச் சத்தமும் இசையின் பகுதிதான்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். ஜார் ஆல்பம் வந்த அதே 1982-ல் இந்தியாவிலும் ஒரு ஆல்பம் வந்தது. சரண்ஜித் சிங் என்பவர் பம்பாயில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த கலைஞர். புதிதாக வந்த ஜப்பான் கருவிகள் மூன்றை வாங்கி, பைரவி, யமன், மால்கௌன்ஸ் என்று 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அது சரியாக விற்கவில்லை. ஏறக்குறைய 20 வருடம் கழித்து வெளிநாட்டுக்காரர் ஒருவர் கண்டெடுத்து, 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. சிகாகோவில் 1987 வாக்கில் 'ஆசிட் ஹவுஸ்' என்று கிளம்பிய பாணி, அதற்கு 5 வருடம் முன்பே ஒரு இந்தியர் கையில் இருந்திருக்கிறதே என்று வியந்தார்கள். 70 வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங்கை ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்துப் போனார்கள். இளைஞர்கள் ஆடினார்கள், அவர் வாசித்தார். 2015-ல் காலமானார். இசைத்தட்டாகக் கிடந்த இசை, 30 வருடம் கழித்துக் கச்சேரியானது.

அவர் வைத்திருந்த கருவிகளில் ஒன்று டிபி 303. கிதார் வாசிப்பவர் தனியாகப் பயிற்சி செய்யும்போது பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்கவே அதைச் செய்தார்கள். அதாவது ஒரு கலைஞருக்குப் பதிலாக வைப்பதற்காகப் பிறந்த கருவி. அந்த வேலையில் அது தோற்றுப்போனது. சில ஆண்டுகளில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். பிறகு அதை மலிவு விலைக்கு வாங்கிய இளைஞர்கள், அது ஓடும்போதே குமிழிகளைத் திருகித் திருகிப் புதுச் சத்தம் கண்டுபிடித்தார்கள். ஆளுக்குப் பதிலாக வந்த பெட்டி, ஆள் கை பட்ட பிறகுதான் வாத்தியமானது.

நாமும் ஒவ்வொரு புதுக் கருவியையும் முதலில் சந்தேகப்பட்டவர்கள்தான். ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை தடை. ஆனால் ஆர்மோனியம் இல்லாமல் நம் நாடக மேடை உண்டா? யு.ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனாக எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்து வந்தபோது, இதில் கமகம் வருமா என்று கேட்டவர்கள் உண்டு. வாசித்துக் காட்டினார், வாயை மூடிக்கொண்டார்கள். இன்று மார்கழிக் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். பாடகர் பக்கத்தில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இருக்கும். அது மின்னணுக் கருவிதான். ஸ்விட்ச் போட்டால் தானாக ஓடுவதுதான். யாரும் அந்தக் கச்சேரியைக் கச்சேரி இல்லை என்று சொல்வதில்லை. சினிமாவில் 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' கணினி வழி இசைக்குப் பெயர் பெற்றது. 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு அந்த வழி ராஜபாட்டையே ஆகிவிட்டது. ஆகவே கருவியைக் குறை சொல்வதை விட்டுவிடுவோம்.

குறை எங்கே இருக்கிறது? இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர். பகலில் காப்பித் தோட்டத்தில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கீபோர்டு. கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் மெல்லிசைக் குழுவோடு போவார். அருமையான கை. எந்தச் சுருதியில் கேட்டாலும் அந்த நிமிடமே மாற்றித் தருவார். பாடுகிறவர் ஒரு அடி தவறிவிட்டால், வெளியே தெரியாமல் தாங்கிப் பிடிப்பார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு விழா. ஊர் பேர் வேண்டாம். மேடையில் அவரைப் பார்த்தேன். முடிந்ததும் கிட்டே போய், "நல்லா வாசிச்சேப்பா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சார், கீபோர்டுக்கு ஒயரே மாட்டல சார்."

பாட்டு முழுவதும் பென் டிரைவில் இருந்து வந்திருக்கிறது. குரலில் பாதியும் அதிலிருந்துதான். விழா நடத்தியவர்கள் சொன்னார்களாம், "மேடை காலியா இருந்தா நல்லா இருக்காது. நீ சும்மா கையை ஆட்டிக்கிட்டு நில்லு" என்று. வழக்கமாகக் கொடுப்பதில் பாதிதான் சம்பளம். அன்று எல்.இ.டி. திரைக்கும், ஆளைத் தூக்கிப் போடும் ஸ்பீக்கருக்கும் செலவு செய்ததில் குறைவே இல்லை.

ஒருகாலத்தில் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு வேனில் ஒரு குழுவே வரும். டிரம்ஸ், தபேலா, கிதார், கீபோர்டு, ஆணும் பெண்ணுமாகப் பாடகர்கள். வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினாலும், மேடை ஏறினால் வேறு ஆளாகிவிடுவார்கள். பனி இறங்கினால் ஸ்பீக்கர் மேல் பிளாஸ்டிக் உறை போடுவார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை தபேலாக்காரர் தனியாக வாசித்துக் கூட்டத்தைப் பிடித்து வைப்பார். கூட்டம் "இன்னொரு தடவை" என்று கத்தினால் பல்லவியை நீட்டுவார்கள். மூன்று வயதுக் குழந்தை மேடைக்கு முன்னால் ஆடினால் அதன் காலுக்கு ஏற்றபடி தாளம் மெதுவாகும். பென் டிரைவுக்கு அந்தக் குழந்தை தெரியாது.

மெல்லிசைக் குழுக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. கூலியைக் குறைத்தால் ஆளைக் குறைக்கத்தான் வேண்டும். குறைத்தது நாம். விழாக் குழுவில் இருப்பவர்களும் நம்மவர்கள்தான்.

"கேட்கிறவர்களுக்கு என்ன வித்தியாசம்? அவர்களுக்குச் சத்தம் வந்தால் போதும்" என்பார்கள். வித்தியாசம் உண்டு. சேர்வராயன் மலையில் ஒரு குழந்தை, ஒரு மனிதர் கண்ணெதிரே வாத்தியம் வாசிப்பதைப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடும் நிலை வந்துகொண்டிருக்கிறது. ஆண்டு விழாவில் ஒலித்தகடு, கல்யாணத்தில் டி.ஜே., திருவிழாவில் டிராக். கையால் இதைச் செய்ய முடியும் என்று பார்த்தால்தானே, நானும் செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? என் மாணவர் கீபோர்டைத் தொட்டதே, இப்படி ஏறி வந்த ஒரு குழுவை மேடைக்குக் கீழே நின்று வாய் பிளந்து பார்த்ததால்தான்.

டி.ஜே.வையும் நான் எதிர்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, அடுத்த பாட்டை யோசித்து, வேகத்தை ஏற்றி இறக்கும் டி.ஜே. என் கணக்கில் கலைஞர்தான். லேப்டாப்பை வைத்து மேடையிலேயே தாளம் கட்டும் இளைஞரும் கலைஞர்தான். ஒயர் மாட்டாத கீபோர்டு மட்டும்தான் எனக்குப் பிரச்சினை.

ஆகவே விழா நடத்தும் நண்பர்களுக்கு என் கோரிக்கைகள்:

1. டிராக் போட்டால் "இது டிராக்" என்று மைக்கில் சொல்லிவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கலைஞரைப் பொம்மையாக நிற்க வைப்பதில்தான் இருக்கிறது.

2. முழுக் குழுவுக்குப் பணம் இல்லையா? 20 பாட்டில் 5 பாட்டாவது முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், இரண்டு பாடகர் போதும். மின்னணுக் கருவிகள் வந்ததால்தான் இத்தனை குறைந்த ஆட்களோடு இது முடிகிறது. அந்த வசதியை வாசிப்பதற்குப் பயன்படுத்துவோம்.

3. அதைப் பதிவு செய்யுங்கள். கூட்டத்துக்கு நடுவில் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் இரைச்சல்தான் வரும். ஒலிபெருக்கிக்காரரிடம் சொன்னால் மிக்சரிலிருந்து நேரடியாக ஒரு இணைப்பு தருவார். அதோடு, கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வையுங்கள். இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பெரிய பெரிய மேடைப் பதிவு ஆல்பங்களும் அடிப்படையில் இப்படித்தான் உருவாகின்றன. மேடை ஒலி ஒரு பக்கம், மக்கள் ஒலி ஒரு பக்கம்.

4. தலைமை ஆசிரியர்களே, ஆண்டு விழாவில் ஒரே ஒரு பாட்டுக்காவது ஒலித்தகட்டை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை வாசிக்க விடுங்கள். பழைய கீபோர்டு ஒன்று பள்ளிக்குக் கிடைத்தாலே போதும். தப்பாக வாசிக்கட்டும். கைதட்டுவதற்குப் பெற்றோர் இருக்கிறார்கள்.

என் மாணவரையும் அவர் குழுவையும் வைத்து, ஒரு மாலை முழுக்க மேடையில் வாசித்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. இடையில் மழை வரட்டும், குழந்தை அழட்டும், யாராவது "சத்தமா வை" என்று கத்தட்டும். ஏற்காட்டுக்காரர்கள் 20 வருடம் கழித்துக் கேட்டால், "அது என் குரல்" என்று சொல்ல வேண்டும். செலவில் ஒரு பங்கு என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று மலை முழுக்க வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். யார் யார் என்று அவர்களிடம் அனுமதி கேட்டு எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

கோடை விழா தொலைவில் இல்லை. இந்த முறை மேடை முன்னால் போய் நிற்கும்போது, திரையை மட்டும் பார்க்காதீர்கள். கீபோர்டுக்குப் பின்னால் ஒயர் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். மாட்டியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே கைதட்டுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், ஏற்காடு